ஒற்றை இடம், இரட்டை வலம்

எட்டு ஸ்பீக்கர்களை வட்டமாக நிறுத்தி, நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கும் சுகத்தைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும், என் பேச்சு கடைசியில் எண்ணில்தான் வந்து நிற்கும். எது ஒன்று, எது இரண்டு, எட்டு எங்கே? என்ன கம்பெனி, எத்தனை வாட் என்பதெல்லாம் அப்புறம். நல்ல ஸ்பீக்கர் கிடைத்தால் சந்தோஷம். சுமாரானதுதான் கிடைத்தது என்றாலும் குடி முழுகிவிடாது. எண் மட்டும் ஒழுங்காக விழுந்துவிட்டால் போதும், அந்த அறையில் நடப்பதே வேறு. இந்த வேலையில் ஊறிக் கிடக்கிறவன் என்ற முறையில் அடித்துச் சொல்கிறேன்: பல சேனல் ஒலியில் இருக்கும் அத்தனை அழகுக்கும் அடிப்படை, ஸ்பீக்கருக்கு எண் போடுவதுதான்.

ஓர் ஒலிக்கோப்பைத் திறந்து பாருங்கள். அதிலிருக்கும் ஒலியில் இடமும் கிடையாது, வலமும் கிடையாது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முதல் சேனல், இரண்டாம் சேனல், மூன்றாம் சேனல் என்று வரிசை மட்டும்தான் இருக்கிறது. இசையமைத்தவர் மழையை உங்கள் முதுகுக்குப் பின்னால் பெய்ய வைத்திருந்தால், கோப்பைப் பொறுத்தவரை அது ஏழாவது, எட்டாவது சேனல்களில் பெய்யும் மழை, அவ்வளவுதான். அந்த ஏழையும் எட்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பது நாம் ஸ்பீக்கர் மேல் ஒட்டும் எண். எங்கோ ஒரு ஊரில் ஒருவர் காதால் அளந்து வைத்த அதே திசையிலிருந்து, நம் வீட்டு அறையிலும் அந்த மழை கேட்கிறது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

எட்டு ஸ்பீக்கர் வட்டத்துக்கு எண் போட இரண்டு பெரிய வழக்கங்கள் உண்டு. ஒன்று, வட்ட வரிசை: முன் இடதில் 1 என்று தொடங்கி, கடிகார முள் போகும் திசையிலேயே 8 வரை போவது. மற்றொன்று, ஜோடி வரிசை: முன்னால் இருக்கும் ஜோடிக்கு 1, 2, அடுத்த ஜோடிக்கு 3, 4, அதற்கும் பின்னால் 5, 6, கடைசியில் 7, 8. இடப்பக்கம் முழுக்க ஒற்றைப்படை, வலப்பக்கம் முழுக்க இரட்டைப்படை. நான் ஜோடி வரிசையின் பரம ரசிகன். தெருவில் ஒரு சாரி முழுக்க ஒற்றை எண் வீடுகளும் எதிர்ச் சாரி முழுக்க இரட்டை எண் வீடுகளும் இருந்தால், புதிதாக வருகிறவர்கூட எண்ணைக் கேட்டதும் எந்தப் பக்கம், எவ்வளவு உள்ளே என்று கண்டுபிடித்துவிடுவார் அல்லவா? ஜோடி வரிசையில் எண்ணே பக்கத்தையும் சொல்கிறது, தூரத்தையும் சொல்கிறது. ஐந்து என்றால் இடது, பாதிக்குப் பின்னால். இரண்டு என்றால் வலது, கண்ணுக்கு முன்னால். படம் பார்க்கவே வேண்டாம்.

வட்டத்தைப் போடும் வேலையே ஒரு திருவிழா. அறையின் நடுவில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அங்கே ஒரு கயிற்றின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆறடி ஆரத்தில் ஒரு வட்டம். நேர் முன்னே பார்க்கும் கோட்டிலிருந்து இடமும் வலமும் 22.5 டிகிரியில் 1, 2. பிறகு 67.5 டிகிரியில் 3, 4. 112.5 டிகிரியில் 5, 6. 157.5 டிகிரியில் 7, 8. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அடுத்ததற்கும் நடுவே சரியாக 45 டிகிரி. கோணமானி தேவையில்லை, ஆறடி ஆரம் என்றால் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் சுமார் 4 அடி 7 அங்குலம் என்று டேப்பை வைத்து அளந்துகொண்டே போனால் எட்டாவது அளவு தொடங்கிய இடத்தில் வந்து முடியும். ட்வீட்டர்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில், எல்லா முகமும் நாற்காலியைப் பார்த்தபடி.

அப்புறம்தான் மாஸ்கிங் டேப்பும் மார்க்கரும். ஸ்பீக்கரின் தலையில் ஓர் எண். அதற்குப் போகும் கேபிளின் இரண்டு முனையிலும் அதே எண். ஆடியோ இன்டர்ஃபேஸின் அவுட்புட் வாயிலிலும் அதே எண். மிக்ஸரில் ஃபேடருக்குக் கீழேயும் அதே எண். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஐந்து என்றால் ஐந்துதான். இப்படி எண் எழுதி முடித்த எட்டு கேபிள்கள் ஒன்றோடொன்று பின்னாமல் தரையில் ஓடுவதைப் பார்ப்பதே கண்ணுக்கு விருந்து.

சோதனைக்கு நான் வைத்திருக்கும் பதிவு எனக்கு மிகப் பிரியமானது. என் தங்கை மகள் ஒன்று முதல் எட்டு வரை சொல்கிறாள். ஒவ்வொரு எண்ணும் அதற்குரிய சேனலில் மட்டும் வரும்படி வெட்டி வைத்திருக்கிறேன். உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுத் தம்பியை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடிக் கை காட்டச் சொல்வேன்.

"எங்க கேக்குது தம்பி?"

"மூணு, இந்தக் கைப் பக்கம் அண்ணா. நாலு, அந்தக் கைப் பக்கம். அஞ்சு... அண்ணா, அஞ்சு தோளுக்குப் பின்னாடி வந்து நிக்குது!"

அவன் முகத்தில் வரும் அந்தச் சிரிப்பு! ஒரு குழந்தை உண்மையாகவே தோளுக்குப் பின்னால் வந்து நின்று எண்ணுவதுபோலத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். அதன் பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டு, நாற்காலியில் வைத்த மீட்டரில் எட்டும் ஒரே அளவு காட்டும்படி வால்யூமைச் சரிசெய்தால் வட்டம் தயார்.

ஜோடி வரிசைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு இருக்கிறதே, அது எனக்குத் தீராத ஆச்சரியம். நேர் எதிரெதிரே இருக்கும் எந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் கூட்டிப் பாருங்கள்: விடை ஒன்பது. 1க்கு நேர் எதிரே 8. 2க்கு எதிரே 7. 3க்கு 6. 4க்கு 5. ஓர் ஒலியைக் கேட்பவரின் தலைக்கு ஊடாகக் குறுக்கே அனுப்ப வேண்டுமா? ஒன்பதிலிருந்து கழித்தால் போதும். இடதிலிருந்து வலதுக்குக் கண்ணாடிப் பிம்பம்போல மாற்ற வேண்டுமா? ஒற்றை எண்ணோடு ஒன்றைக் கூட்டுங்கள். முன்னிருப்பதை அதே பக்கத்தில் பின்னுக்குத் திருப்ப வேண்டுமா? இடப்பக்கம் கூட்டுத்தொகை எட்டு: 1க்கு 7, 3க்கு 5. வலப்பக்கம் பத்து: 2க்கு 8, 4க்கு 6. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் சேர்த்த கணக்கில்லை இது. ஜோடி ஜோடியாக எண்ணியதிலேயே தானாக வந்து விழுந்தது. மனக்கணக்காக இசையை நகர்த்த முடிகிறது என்பதைவிட ஓர் ஒலிப்பித்தனுக்கு வேறென்ன வேண்டும்?

கருவிகளும் ஜோடியைத்தான் விரும்புகின்றன. மிக்ஸரில் ஸ்டீரியோ இணைப்பு என்றால் ஓர் ஒற்றைப்படைச் சேனலும் அதற்கடுத்த இரட்டைப்படைச் சேனலும் சேர்வதுதான் வழக்கம். ஏஇஎஸ்3 என்ற டிஜிட்டல் முறையில் ஒரு கேபிளில் இரண்டு சேனல்கள் போகும். ஸ்டீரியோவில் பதிவான ஒரு காட்டு ஓசையை முன்னால் வைக்க 1-2, விலாப்புறத்துக்கு 3-4, முதுகுக்கு 7-8 என்று ஜோடியாகவே தூக்கி வைக்கலாம். விரல்கள் ஃபேடரில் இருக்கும்போது இடது ஃபேடர் இடது ஸ்பீக்கர், வலது ஃபேடர் வலது ஸ்பீக்கர். முதல் ஜோடியிலிருந்து நாலாவது ஜோடிக்கு ஃபேடர்களைத் தள்ளிக்கொண்டே போனால், ஒலி நெற்றியிலிருந்து பிடரிக்கு அலைபோல ஓடும்.

வட்ட வரிசைக்கும் அதற்கே உரிய அழகு உண்டு. ஒலியைச் சுற்ற வைக்க வேண்டும் என்றால் எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். சூப்பர்கொலைடர் என்ற ஒலி நிரல்மொழியில் ஒலியை வட்டமாகச் சுழற்றும் பேன்ஏஇசட் என்ற கருவி இந்த எண்ணத்தில்தான் வேலை செய்கிறது. முன்னால் நேராக ஒரு ஸ்பீக்கர் நிற்கிறதா, அல்லது இரண்டு ஸ்பீக்கர்களின் நடுவே முன்கோடு போகிறதா என்பதைக்கூட 0 அல்லது 0.5 என்று ஓர் எண்ணால் சொல்லிவிடலாம். அந்த மொழி 0 முதல் எண்ணுவதால் இன்டர்ஃபேஸில் ஒன்று என்பது அங்கே சுழி. நான் என்ன செய்கிறேன் என்றால், ஸ்பீக்கரில் ஜோடி எண்ணையே வைத்துக்கொண்டு, சுழற்சிக்கு மட்டும் இந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருக்கிறேன்: 1, 2, 4, 6, 8, 7, 5, 3. வலப்பக்கம் இரட்டை எண்களில் ஏறி, இடப்பக்கம் ஒற்றை எண்களில் இறங்கினால் கடிகாரத் திசையில் ஒரு முழுச் சுற்று. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தாளத்தோடு வரும்.

ஏன் எட்டு? நான்கு மூலைக்கு நான்கு ஸ்பீக்கர் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே 90 டிகிரி. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஒலி நிற்பதுபோல நம் காதுக்குத் தோன்றும் மாயம் முகத்துக்கு முன்னால் நன்றாகப் பலிக்கிறது. விலாப்புறத்தில் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. இடைவெளியை 45 டிகிரியாகக் குறைத்தால் பக்கவாட்டிலும் ஒலிக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கிறது. இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த ஏடாட், டிஏ-88 என்ற டிஜிட்டல் டேப் கருவிகள் இரண்டுமே எட்டு டிராக் கொண்டவை. ஏடாட்டின் ஆப்டிகல் கேபிளில் இன்றும் 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனல்கள் போகின்றன. ஒரே டேப்பில் ஒரு முழு வட்டத்தைப் பையில் போட்டு எடுத்துப் போக முடிந்ததும், எட்டு சேனல் இசை ஊர் ஊராகப் பயணம் செய்யத் தொடங்கியது. டேப் பயணம் செய்தால் எண்ணும் கூடவே பயணம் செய்தாக வேண்டும் அல்லவா? எந்த டிராக் எந்த மூலைக்கு என்ற குறிப்பு ஒரு தாளில் கூடவே போனது.

இந்த மோகத்துக்கு வேர் இன்னும் ஆழம். ஜெர்மனியின் கொலோன் நகரில் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் 'கொண்டாக்டே' என்ற படைப்பை உருவாக்கியபோது, சுழலும் மேசை மேல் ஒரு ஸ்பீக்கரை வைத்து, சுற்றிலும் நான்கு மைக்குகளை நிறுத்தி, மேசையைச் சுழற்றி நான்கு டிராக்கில் பதிவு செய்தார். 1960இல் அது அரங்கேறியது. ஒவ்வொரு மைக்கும் ஒரு டிராக், ஒவ்வொரு டிராக்கும் ஒரு ஸ்பீக்கர். மேசை சுழன்ற சுழற்சி அப்படியே அரங்கில் ரசிகர்களைச் சுற்றி ஓட, நான்கு எண்களும் தத்தம் இடத்தில் நின்றாலே போதும். 1990-91இல் அவர் செய்த 'ஆக்டோபனி'யில் எட்டு ஸ்பீக்கர்களும் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளுக்கு ஏறிவிட்டன. ஒலி மேலும் கீழும்கூடப் போகும். எண்களுக்கு இறக்கை முளைத்தது அங்கேதான் என்பேன்.

சினிமாவின் ஆறு சேனலுக்கு வந்தால் எண்ணின் சுவாரசியம் இன்னும் கூடுகிறது. படத்துக்கு ஒலி சேர்ப்பவர்களிடம் ஒரு வரிசை உண்டு: இடது, நடு, வலது, இடது சரவுண்ட், வலது சரவுண்ட், கடைசியில் தாழ்ந்த அதிர்வொலிகளுக்கான எல்எஃப்இ. திரையை இடமிருந்து வலமாகப் பார்க்கும் கண்ணோட்டத்தில் பிறந்த வரிசை இது. எஸ்எம்பிடிஇ என்ற பொறியாளர் சங்கத்தின் வரிசையோ இடது, வலது, நடு, எல்எஃப்இ, இடது சரவுண்ட், வலது சரவுண்ட். ஜோடிகள் இரண்டிரண்டாக அழகாக உட்காரும் வரிசை. முதல் வரிசையில் எழுதிய கோப்பை இரண்டாம் வரிசைக்கு மாட்டிய ஸ்பீக்கர்களில் ஓடவிட்டால் என்ன ஆகும்? முன் இடது மட்டும் தன் இடத்தில் இருக்கும். நடுவில் வர வேண்டிய வசனம் வலது மூலைக்குப் போகும், வலது இசை நடுவுக்கு வரும், இடது சரவுண்ட் சப்வூஃபருக்குள் விழும், வெடிச்சத்தத்தின் அதிர்வு பின் வலதில் போய் நிற்கும். பதிவில் எந்த ஒலியும் மாறவில்லை. எண் மட்டும் மாறியது. எண்ணின் வல்லமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வரிசை தெரிந்துவிட்டால் ஒரே நொடியில் எல்லாம் தன் தன் இடத்துக்குத் திரும்பிவிடும் என்பதுதான் எனக்கு அதைவிடப் பிடித்தது.

கணினியின் வேவ் கோப்பு இந்த வரிசைக் குழப்பத்தையும் எண்ணாலேயே தீர்த்து வைத்திருக்கிறது. முன் இடதுக்கு 1, முன் வலதுக்கு 2, நடுவுக்கு 4, எல்எஃப்இக்கு 8, பின் இடதுக்கு 16, பின் வலதுக்கு 32. ஆறையும் கூட்டினால் 63. கோப்பின் தலைப்பில் 63 என்று இருந்தால், இதற்குள் யார் யார் இருக்கிறார்கள், எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று இயக்கும் மென்பொருளுக்குத் தெரிந்துவிடும். ஒரே ஓர் எண்ணுக்குள் ஓர் அறையே அடங்கியிருக்கிறது!

தியேட்டருக்கு வரும் டிசிபி கோப்பில் நான் நெகிழ்ந்துபோகும் ஓர் ஏற்பாடு உண்டு. வழக்கமான ஆறு சேனல்களுக்கு அடுத்த ஏழாவது, காது மந்தமானவர்களுக்காக வசனத்தைத் தெளிவாகத் தரும் சேனல். எட்டாவது, பார்வையில்லாதவர்களுக்குக் காட்சியை விவரிக்கும் குரல். இவை சுவரில் இருக்கும் எந்த ஸ்பீக்கருக்கும் போவதில்லை. தேவைப்படுகிறவரின் ஹெட்போனுக்குப் போகின்றன. எண் வரிசையில் அவர்களுக்கும் இடம் ஒதுக்கி வைத்திருப்பதை நினைத்தால் அந்த வரிசையை வகுத்தவர்களைக் கைகூப்பி வணங்கத் தோன்றுகிறது.

ஜப்பானின் ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே உருவாக்கிய 22.2 ஒலி முறையைப் பாருங்கள். மேலே 9, காது மட்டத்தில் 10, கீழே 3, அதோடு இரண்டு எல்எஃப்இ. மொத்தம் 24 சேனல்கள். 2018 டிசம்பர் 1 முதல் அங்கே இந்த ஒலியோடு 8கே ஒளிபரப்பு வீடுகளுக்கே போகிறது. அத்தனை பெரிய கூட்டத்திலும் முதல் ஆறு எண்கள் பழைய ஆறு சேனல் வரிசையின் அதே ஒழுங்கில்தான்: இடது, வலது, நடு, எல்எஃப்இ, பின் இடது, பின் வலது. புதிதாக வந்தவர்கள் எல்லாரும் அதற்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பரிந்துரை இன்னொரு படி மேலே போய், கோணத்தையே பெயராக்கிவிட்டது. எம்+030 என்றால் காது மட்டத்தில் இடப்பக்கம் 30 டிகிரி; எம்-030 என்றால் அதே மட்டத்தில் வலப்பக்கம். பெயரைப் படித்தாலே ஸ்பீக்கரைக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம்.

சப்வூஃபருக்கு எந்த எண் என்று கேட்பார்கள். என் வட்டத்தில் அதற்கு ஒன்பது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிப்பது கடினம். திசை இல்லாத ஒன்றை இட வலக் கணக்குக்குள் நுழைக்காமல், எட்டுக்கு வெளியே தனியாக மரியாதையோடு உட்காரவைத்துவிடுகிறேன். எட்டின் கணக்கு அப்படியே கெடாமல் இருக்கும்.

இவ்வளவும் எதற்கு? கேட்பதற்குத்தானே! ஓர் எவர்சில்வர் தம்ளர் தரையில் உருளும் ஓசையைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதை 1, 2, 4, 6, 8, 7, 5, 3 என்று அனுப்பினால், தம்ளர் நாற்காலியைச் சுற்றி உருண்டு வருகிறது. விளிம்பு தரையில் உரசும் சரசரப்பு வலது காதில் கூர்மையாகி, பிடரிக்குப் போகும்போது மங்கி, இடது கன்னத்தருகே மறுபடி பளிச்சென்று வருகிறது. வேகத்தைக் கூட்டினால் சுற்று இறுகுகிறது. பிறகு திடீரென்று ஐந்திலிருந்து நான்குக்குக் குறுக்கே இழுத்தால், தம்ளர் என் தலைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறுவதுபோல இருக்கும். அதைக் கேட்டு "ஐயோ" என்று தலையைக் குனிந்துகொள்ளாதவர்கள் இதுவரை என் அறைக்கு வந்ததில்லை.

எட்டு ஸ்பீக்கருக்கு வசதியில்லையா? நான்கே போதும். முன்னால் 1, 2. பின்னால் 3, 4. எதிரெதிரே கூட்டினால் ஐந்து. ஆறு வைத்தால் ஏழு. பதினாறு வைத்தால் பதினேழு. இரட்டைப்படையில் எத்தனை ஸ்பீக்கர் ஆனாலும் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் அதுதான் அந்த வட்டத்தின் திறவுகோல். ஒற்றை இடம், இரட்டை வலம் என்ற ஒரே விதியிலிருந்து இவ்வளவும் வருகிறது. வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் இரண்டு ஜோடி சும்மா கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். ஒரு மாஸ்கிங் டேப், ஒரு மார்க்கர், ஒரு நாற்காலி. எண்ணை முதலில் எழுதுங்கள், கேபிளை அப்புறம் மாட்டுங்கள். பிறகு வீட்டில் இருக்கும் குழந்தையைக் கூப்பிட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு சொல்லச் சொல்லிப் பதிவு செய்து ஓடவிட்டுப் பாருங்கள். அடுத்த மாதமே இன்னும் நான்கு வாங்கிவிடுவீர்கள் என்று இப்போதே எழுதிக் கொடுக்கிறேன்.